கைநாட்டுக் கணக்கு

பேங்கில் கணக்கு தொடங்கப் போனால் முதலில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம். எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து சம்பளக் கணக்கு ஆரம்பித்தபோது, கவுண்டரில் இருந்தவர் என் மூன்று கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மூணு பேர்ல நீங்க யாரும்மா?" என்று கேட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்து என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு முன்னும் பின்னும் நான் தொடங்கிய கணக்குகள் கொஞ்சமில்லை. ஆவடியில் நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. மாதா மாதம் டீச்சர் சில்லறையை வாங்கிக்கொண்டு அட்டையில் குறித்துத் தருவார். வருஷக் கடைசியில் சேர்ந்த பணத்தை, கேட்காமலேயே சுற்றுலாவுக்கு என்று எடுத்துக்கொள்வார்கள். சேமிப்பு என்றால் நாம் போடுவது, பிறர் எடுப்பது என்று அங்கேயே பாடம் ஆகிவிட்டது. கல்யாணமான மறுமாதம் கணவரோடு ஒரு கூட்டுக் கணக்கு. அதில் பணம் எடுப்பது இரண்டு பேர், எதற்கு எடுத்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும் நான் ஒருத்தி. அப்புறம் ஊரெல்லாம் ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்த காலத்தில், பூந்தமல்லி ரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்திருந்த ஒன்றில் போய்ப் போட்டேன். வட்டியைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். நானும் பிளந்தேன். ரசீது இன்றைக்கும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. கம்பெனியைத்தான் காணவில்லை.

இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளும்படியான கணக்கு ஒன்றே ஒன்று. அது அம்மாவுடையது. பழைய பதினோராம் வகுப்பு வரை படித்தவள் அம்மா. நாங்கள் இருந்த ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள். அந்தக் கணக்கில் அவள் கைநாட்டு.

அப்பாவை முதலில் சொல்லிவிடுகிறேன். அவரைச் சொல்லாமல் அம்மாவின் கட்டை விரலுக்கு வர முடியாது.

அப்பாவின் ஊர் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே. அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர்கள். கூலி வாங்கவும் கைநாட்டு, கடன் வாங்கவும் கைநாட்டு. அந்த வம்சத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர் அப்பாதான். ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபாக்டரியில் வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்த பிறகு, கையெழுத்துப் போடுகிற சந்தர்ப்பம் எதையும் அவர் தவற விட்டதில்லை. மேலே ஒரு வளைவு, கீழே நீளமாக ஓர் இழுப்பு, கடைசியில் இரண்டு புள்ளி. கேஸ் சிலிண்டர்காரர் நீட்டுகிற துண்டுச் சீட்டில் கூட ஒரு புள்ளி குறைக்க மாட்டார். சிலிண்டர்காரர் தோளில் காலி சிலிண்டரை வைத்துக்கொண்டு நிற்பார். இவர் நிதானமாக வளைத்துக்கொண்டிருப்பார்.

தன் கையெழுத்தோடு விட்டாரா? யார் கையெழுத்தையும் ஒரு தடவை பார்த்தால் போதும், அப்படியே இறக்கிவிடுவார். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற அப்பாக்களின் பிள்ளைகள் ரேங்க் கார்டைத் தூக்கிக்கொண்டு காலையில் எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வரும். "உங்கப்பன் எப்டி போடுவான்? போன மாசத்த காட்டு," என்பார். போட்டுக் கொடுத்துவிடுவார். அதைத் தப்பு என்றே அவர் நினைத்ததில்லை. தூங்குகிற மனிதனை எதற்கு எழுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ஃபாக்டரி சொசைட்டியில் கடன் வேண்டுமென்றால் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். கடன் வாங்கியவன் கட்டாமல் டபாய்த்தால் ஜாமீன் போட்டவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இது தெரிந்துதான் ஜாமீன் என்றாலே எல்லாரும் பாத்ரூம் பக்கம் போய்விடுவார்கள். அப்பா போக மாட்டார். "அண்ணாத்தே, ஒரே ஒரு கையெழுத்து," என்று யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் பேனாவைத் திறந்துவிடுவார். மாதம் பிறந்தால் அவர் சம்பளத்தில் எங்களுக்கு வந்தது பாதி, எங்கள் முகம் தெரியாத குடும்பங்களுக்குப் போனது பாதி. அம்மா கேட்டால், "இன்னாமே இது, ஒரு கையெழுத்து தான கேட்டான், கிட்னியவா கேட்டான்?" என்பார்.

இதையெல்லாம் கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். போஸ்ட் ஆபீஸ் விஷயத்தைத்தான் பொறுக்கவில்லை.

அப்போது அம்மா அக்கம்பக்கத்தாருக்குக் கையாலேயே பிளவுஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் வாங்குவதற்காகப் போஸ்ட் ஆபீஸில் தன் பெயரில் மாதா மாதம் கட்டி வந்தாள். கெடு முடிந்ததும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்தவர், "நீங்கதான் எடுத்துட்டீங்களேம்மா? கையெழுத்துப் போட்டு உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பியிருந்தீங்களே," என்றார். தாளை எடுத்தும் காட்டினார். அம்மாவின் கையெழுத்தேதான். அம்மா போடாத அம்மாவின் கையெழுத்து. உண்மையைச் சொன்னால் அவள் போடுவதைவிடக் கொஞ்சம் தெளிவாகவே இருந்தது.

பணம், கூட வேலை செய்கிற ஒருவருடைய தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தது.

"தாலி வாங்க துட்டு இல்லன்னு கண்ணு கலங்கறான். நம்ம துட்டு அங்க சும்மா தான கீது. குட்த்துட்டேன். அடுத்த மாசம் தந்துடுவான்," என்றார் அப்பா.

"என் கையெழுத்து?" என்று அம்மா கேட்டாள்.

"உன் கையெழுத்தத்தான போட்டேன்? வேற எவ கையெழுத்தனா போட்டனா?"

குடிக்கிற புருஷன், சீட்டாடுகிற புருஷன் என்றால் நாலு பேர் அம்மாவுக்காகப் பரிந்து பேசியிருப்பார்கள். உபகாரம் பண்ணுகிற புருஷனைப் பற்றி எந்த வீட்டில் போய்ப் புகார் சொல்வது? "உனக்கு வாய்ச்ச மாதிரி தங்கமான மனுசன் யாருக்கு வாய்க்கும்," என்று இவளுக்கே புத்தி சொல்லி அனுப்புவார்கள். அந்த அடுத்த மாசம், இன்றைய தேதி வரை வரவில்லை.

அம்மா அழவில்லை, பாத்திரத்தை உருட்டவில்லை. கொஞ்ச நாள் கழித்து, மாடி வீட்டு அக்காவோடு ஆவடி பஜாரில் இருந்த பேங்குக்குப் போனாள். அக்கா திருநெல்வேலிப் பக்கம். அவள் வீட்டுக்காரரும் அதே ஃபாக்டரிதான். அந்தக் காலத்தில் பேங்கில் புதிதாகக் கணக்கு தொடங்க, ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் நம்மை அறிமுகம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அக்கா அதற்காக வந்தாள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. லீவு நாள் என்பதால் ஒட்டிக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "கையெழுத்துப் போடுவீங்களாம்மா, கைநாட்டா?"

"கைநாட்டுதாங்க," என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையை அழுத்திப் பிடித்த பிடியில் மூடிக்கொண்டேன். அக்காவுக்குக் கண் வெளியே வந்துவிடும் போல ஆகிவிட்டது. ஆனால் கவுண்டர்காரருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எழுதத் தெரியும் என்று ஒரு பெண் சொன்னால், எங்கே எழுதிக் காட்டு என்பார்கள். தெரியாது என்றால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

நல்ல மனுஷர் அவர். காது கேட்காதவளிடம் பேசுவதுபோலச் சத்தமாக, ஒவ்வொன்றாக விளக்கினார். புஸ்தகத்தில் போட்டோ ஒட்ட வேண்டும். செக் புக் கிடையாது. பணம் எடுக்க ஒவ்வொரு தடவையும் அம்மாவே நேரில் வந்து, ஆபீசர் முன்னால் ரேகை வைக்க வேண்டும். "நீங்க வராம வேற ஆளை அனுப்பினா குடுக்க மாட்டோம். தெரியுதா?"

"எங்க வீட்டுக்காரரு வந்தா?"

"அவரே வந்தாலும் முடியாதும்மா. என்ன பண்றது, ரூல்ஸ் அப்படி," என்றார், ரொம்ப வருத்தப்பட்டு.

அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் தீபாவளிக்குக் கூடப் பார்த்ததில்லை. இடது கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தி, காட்டிய இடத்தில் எல்லாம் வைத்தாள்.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? தொடர்கதைய எங்களுக்கெல்லாம் நீதான படிச்சுச் சொல்லுத? இங்க வந்து கைநாட்டுன்னு சொல்லுத?"

"கையெழுத்த அவரு போட்டுடுவாருக்கா. கட்டை விரலுக்கு எங்க போவாரு?" என்றாள் அம்மா.

அக்கா சிரித்த சிரிப்பில் பஜாரே திரும்பிப் பார்த்தது.

அப்பா கண்ணில் அந்தப் பாஸ்புக் படாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டது. போட்டோவும், அதன் கீழே ஊதா மையில் ரேகையும். ஆடித் தீர்த்துவிட்டார்.

"எங்கப்பன் கைநாட்டு. அவன் அப்பன் கைநாட்டு. படிச்ச பொண்ணுன்னு ஆசப்பட்டு கட்டிக்கினு வந்தேன். நீ போய் எங்கப்பன் வெச்ச எடத்துலயே வெச்சிட்டு வந்துகீற? இன்னா நெனப்பு உனுக்கு? பேங்குல நம்மள பாத்து சிரிக்க மாட்டான்?"

"சிரிச்சா சிரிக்கட்டும்," என்றாள் அம்மா. வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பேனா புடிக்கற கை இந்த ஊட்டுக்கு ஒண்ணு போதும்."

எதற்காக அப்படிச் செய்தாள் என்று அப்பா கேட்கவில்லை. கேட்டால் அம்மா சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் யாரோ ஜாமீன் கேட்டு வந்தார்கள், தெளிந்துவிட்டார்.

அந்தக் கணக்கு எதற்கு என்பதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. என் படிப்புக்கு. நான் பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்ந்து டிப்ளமோ வாங்க வேண்டும், தன்னைப் போலப் பதினோராம் வகுப்போடு நின்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கக் கூடாது. இதை அம்மா என்னிடம் சொன்னதைவிட, தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம் சொன்னதுதான் அதிகம். அவர்களும் அதைக் கேட்டுவிட்டு, பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மாதா மாதம் பணம் கட்டப் போகும்போது நானும் போவேன். அந்தக் கூத்தைப் பார்ப்பதற்கே போவேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது என்று வேறு யாராவது சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பெயரை ஆளுக்கு ஒரு தினுசாக எழுதுவார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். "இவ்வளவு சேர்ந்திருக்கும்மா," என்று பாஸ்புக்கைப் படித்துக் காட்டுவார்கள். "அப்படிங்களா, நீங்க சொன்னா சரிதாங்க," என்று பயபக்தியாகக் கேட்டுக்கொள்வாள். பேங்க் படியை இறங்கியதும், "அவன் மூஞ்சி, அவன் எழுத்து! இவனையெல்லாம் எவன் பாஸ் போட்டான்?" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வருவாள்.

பத்தாவது பாஸ் பண்ணினேன். வேலப்பன்சாவடி பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும் என்று கார்டு வந்தது. அம்மா அந்தக் கார்டை பிளாக் முழுவதும் காட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் கீழே குழாயிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு ஏறும்போது, ஈரப் படிக்கட்டில் குடத்தோடு விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் காலை நீட்டி, கயிறு போட்டு, எடை கட்டித் தொங்கவிட்டார்கள். வாரக்கணக்கில் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா வலியில் முனகிக்கொண்டே முதலில் சொன்ன வார்த்தை, "ஐயோ, பேங்க்குக்கு நான்ல போகணும்!" என்பதுதான். யாரும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவியைத் தன் கையிலேயே வைத்திருந்தாள். இப்போது அந்தக் கை கட்டிலை விட்டு நகர முடியாது.

"நீ ஏன்மே கவலப்படற? நான் கீறன்ல," என்றார் அப்பா. நிஜமாகவே நம்பிக்கையோடுதான் போனார். எத்தனை பேருக்கு ஜாமீன் போட்டிருக்கிறார்! சொசைட்டியில் அவருக்காக இரண்டே இரண்டு பேர் போட மாட்டார்களா? ஒருவர், "மாமே, இனிமே யாருக்கும் ஜாமீன் போட மாட்டேன்னு என் பொண்டாட்டி தலையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டேன்," என்றாராம். இன்னொருவர் கேன்டீனில் இவரைக் கண்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். அந்தத் தங்கை கல்யாணத்துக்காரர் லீவு. கடைசியில் சொசைட்டி கிளார்க்கே கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பிடித்தம் போக இவர் சம்பளத்தில் புதுக்கடன் கொடுக்க இடமே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, வெகு நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

"பேங்க் மேனேஜர போய்ப் பாருங்க. காலு ஒடஞ்ச கதைய சொல்லுங்க, இங்க வரச் சொல்லுங்க," என்றாள் அம்மா. "எனக்கு கையெழுத்து தெரியும்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. பொய் சொல்லி கணக்கு ஆரம்பிச்சேன்னு மொடக்கி வெச்சிடுவாங்க. அப்பால விசாரிச்சி முடிக்கறதுக்குள்ள இவ சீட்டு போயிடும்."

அப்பாவும் நானும் போனோம். மேனேஜர் புதிதாக வந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். எதையும் அவசரப்படாமல் கேட்கிறவர். சாப்பாட்டு நேரத்தில் தானே ஆஸ்பத்திரிக்கு வந்து ரேகை வாங்கிக்கொள்வதாகவும், கணக்கு வைத்திருக்கிற ஒருவர் சாட்சிக்கு வேண்டும் என்றும் சொன்னார். மாடி வீட்டு அக்கா கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். அதே பேங்கில் போனஸ் மாதத்தில் மட்டும் கண் விழிக்கிற கணக்கு ஒன்று அப்பாவுக்கு உண்டு. "அப்ப நீங்களே போடலாமே சார்," என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். கையில் பை, பைக்குள் மைப்பெட்டி. அம்மா கட்டிலில் விரித்தபடி ஒரு வாரப் பத்திரிகை கிடந்தது. நான் அதைச் சட்டென்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "இன்னாம்மா, அந்தக் கதைய பாதியில உட்டியே, அந்தப் பொண்ணு ஊட்ட வுட்டு போனாளா இல்லியா?" என்று கேட்டாள்.

மேனேஜர் அம்மாவைப் பார்த்தார்.

"எம்பொண்ணு படிப்பாங்க. நான் கேட்டுக்கினு, அவங்களுக்கு சொல்வேன்," என்றாள் அம்மா. பொய்யாவது சொல்லும்போது தடுமாற வேண்டாமா? வெண்ணெய் மாதிரி வந்தது.

ரேகை வைத்தாகிவிட்டது. மேனேஜர் தாளைத் திருப்பி அப்பாவிடம் நீட்டினார். "நான் சொல்றேன், நீங்க உங்க கையாலேயே எழுதுங்க சார். 'மேற்படி கணக்குதாரர் என் மனைவி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது என் முன்னிலையில் அவர் வைத்த ரேகை.' எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அப்பா 'என் மனைவி' வரை எழுதினார். அங்கே பேனா நின்றுவிட்டது. அந்த ஒரு வரி வராவிட்டால் என் படிப்பு போச்சு. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என்ன சார் யோசிக்கிறீங்க? உங்களுக்கு எழுத வருமில்லையா?" என்றார் மேனேஜர். கிண்டலாக இல்லை, உதவுகிற குரலில்தான் கேட்டார்.

"வரும் சார்," என்றார் அப்பா. எழுதினார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சின்னக் கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "பேங்க்ல இருக்கிற மாதிரி இல்லையே சார். வழக்கமா போடற மாதிரி முழுசா போட்டுடுங்க," என்றார். தன் பெண்டாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்குக் கீழே, வளைவும் இழுப்பும் புள்ளியுமாக அப்பா முழுசாகப் போட்டார்.

சாயங்காலம் வந்து பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மேனேஜர் கிளம்பினார். அவர் செருப்புச் சத்தம் மாடிப்படி இறங்கியதும் பையிலிருந்து பாலிடெக்னிக் சேர்க்கைப் பாரத்தை எடுத்தேன். மறுநாள் பணத்தோடு கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் கையொப்பம். எப்போதும் போல அப்பாவிடம் நீட்டினேன். அவர் பேனாவை அந்த இடத்துக்குக் கொண்டு போனார். வைக்கவில்லை. பேனாவை அம்மாவிடம் கொடுத்தார்.

"நீ போடுமே," என்றார்.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். பத்திரிகையைத் தாளுக்கு அடியில் வைக்கச் சொல்லி, படுத்தபடியே தன் முழுப் பெயரையும் எழுதினாள். எத்தனையோ வருஷம் யார் யாரோ தப்பாக எழுதிய பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, ருசித்துச் சாப்பிடுகிறவள் போல எழுதினாள். கட்டை விரல் மை தாள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

நிமிர்ந்தால், வாசலில் மேனேஜர். மைப்பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பக்கத்துக் கட்டில் அம்மாள்தான், "பாருங்க சார், படுத்துகினே எவ்ளோ ஷோக்கா எழுதறாங்க," என்றாள். பாவி!

மேனேஜர் கட்டிலுக்கு வந்தார். பாரத்தில் அம்மாவின் பெயரைப் படித்தார். ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவையும் அவர் சட்டைப் பையிலிருந்த பேனா மூடியையும் பார்த்தார். மைப்பெட்டியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கால் சரியானதும் பேங்க்குக்கு வருவீங்கல்லம்மா," என்றார். "வரும்போது கட்டை விரலோடவே வாங்க."

அவர் போனதும் அப்பா கேட்டார், இத்தனை வருஷம் கேட்காததை.

"என்ன நம்பாமதான அப்டி பண்ண?"

"ஆமாங்க," என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. "கோவம்லாம் எப்பவோ போச்சி. பயம் போவல."

அப்பா தலையாட்டினார். பாரத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கை தேர்ந்தவர் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்லா கீதுமே," என்றார். "உன் கையெழுத்த இனிமே என்னால போட முடியாது."

"போடுவீங்க," என்றாள் அம்மா. பாரத்தை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி, என்னிடம் கொடுத்து, பைக்குள் வைக்கச் சொன்னாள்.